மல்டி ஜிம் வேண்டாம், கதவும் ஒரு பட்டையும் போதும்

கேள்வி: எனக்கு வயது 34. நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்த விபத்தில் முதுகெலும்பில் டி10 மட்டத்தில், அதாவது மார்புப் பகுதியின் பத்தாவது எலும்பருகே, அடிபட்டது. தொப்புளுக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. கையால் தள்ளும் வீல்சேரில்தான் எல்லா வேலையும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது முன்பு சுலபமாக இருந்தது, இப்போது திணறுகிறேன். வலது தோள் இரவில் வலிக்கிறது. வீட்டிலேயே பயிற்சி செய்ய ஒரு மல்டி ஜிம், பல பயிற்சிகளை ஒரே இடத்தில் செய்யும் இயந்திரம், வாங்கித் தருகிறேன் என்கிறார் அண்ணன். இப்போதைக்கு என்னிடம் 5 கிலோ டம்பெல் ஒரு ஜோடி இருக்கிறது. தலைக்கு மேல் தூக்குவேன், அடுத்த சுற்றுவரை மடியில் வைத்துக்கொண்டு இளைப்பாறுவேன். புஷ்-அப் கட்டை, கேபிள் இயந்திரம், கையால் சுற்றும் சைக்கிள் என்று வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துக் குழம்பிவிட்டேன். எதை வாங்கலாம்?

பதில்: முதலில் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. மனசு பெரியது, சந்தேகமில்லை. ஆனால் மல்டி ஜிம் வேண்டாம். அதில் உட்கார வேண்டுமானால் நீங்கள் வீல்சேரிலிருந்து அதன் இருக்கைக்கு மாற வேண்டும், முடிந்ததும் திரும்பி வர வேண்டும். தோள் வலிக்கிறது என்று பயிற்சிக்கு வருகிறவருக்கு, பயிற்சி தொடங்கும் முன்பே தோளுக்கு இரண்டு கடினமான வேலை. அந்த இருக்கை குறுகலாகவும் கெட்டியாகவும் இருக்கும். உங்கள் குஷன் செய்கிற வேலையை அது செய்யாது. உணர்வில்லாத தோல் அதில் அரை மணி நேரம் அழுந்தினால் புண் வரலாம், வினை. போதாததற்கு, அந்த இயந்திரத்தில் பாதி கால்களுக்கானது, மீதியில் பெரும்பங்கு மார்பால் தள்ளுவதற்கானது. தள்ளுவதைத்தான் நீங்கள் காலையிலிருந்து இரவுவரை செய்துகொண்டிருக்கிறீர்களே!

உங்கள் கேள்விக்கான பதில் பெரும்பாலும் இந்தத் தள்ளலில்தான் இருக்கிறது. சக்கரத்தைத் தள்ளும்போது மார்புத் தசையும் தோளின் முன்பக்கத் தசையும் வேலை செய்கின்றன. ஒரு நாளைக்கு எத்தனை நூறு தள்ளல் என்று எண்ணிப் பார்த்தால் உங்களுக்கே மலைப்பாக இருக்கும். முன்பக்கம் இப்படி இறுகிப் பலப்பட, முதுகின் மேல்பகுதியும், தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் தசைகளும், கையை வெளிப்பக்கம் திருப்பும் சின்னஞ்சிறு தசைகளும் பின்தங்கிவிடுகின்றன. தோள் முன்னால் உருண்டுவிடும். கையைத் தூக்கும்போது தோள் மூட்டுக்குள் தசைநார் ஓட வேண்டிய இடம் நெருக்கடியாகும். இரவில் அந்தப் பக்கம் படுத்தால் வலி. வீல்சேரில் பல ஆண்டு இருப்பவர்களிடம் நான் அதிகம் கேட்கும் புகார் இது.

அதனால் கருவி எதுவானாலும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இதை வைத்து நான் இழுக்க முடியுமா? இரண்டாவது: யாரையும் கூப்பிடாமல் நானே எடுத்து, மாட்டி, செய்து, திரும்ப வைக்க முடியுமா? இரண்டாவது கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை. ஒவ்வொரு முறையும் அண்ணன் வந்து எடை மாட்டித் தர வேண்டும் என்றால், மூன்றாவது வாரம் அதன்மேல் துணி காயும்.

இழுப்பதன் அருமை புதுக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மன் 1948இல் நடத்திய போட்டிதான் பின்னாளில் பாராலிம்பிக்காக வளர்ந்தது. சக்கர நாற்காலியில் இருந்த 16 பேர் அதில் கலந்துகொண்டார்கள். போட்டி, வில்வித்தை. நாணை இழுக்கும்போது தோள்பட்டை எலும்பு பின்னால் போவதைக் கவனித்திருப்பீர்கள். உங்களுக்கு வேண்டிய அசைவு அச்சு அசலாக அதேதான்.

வில்லுக்குப் பதில் நான் சொல்வது எலாஸ்டிக் பட்டை. உடற்பயிற்சிக்கென்று விற்கும் ரப்பர் பட்டைகள். மடித்தால் ஒரு கைப்பைக்குள் அடங்கும். பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருப்பதால் பலருக்கு இதன்மேல் மரியாதை இல்லை. முதுகெலும்புக் காயத்துக்குப் பின் தோள் வலியோடு இருந்தவர்களிடம் 12 வாரம் வீட்டுப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2011இல் வெளியானது. தோள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி, மார்பை நீட்டி விடுவது, நாற்காலியைத் தள்ளும் விதத்தையும் இடம் மாறும் விதத்தையும் திருத்திக்கொள்வது, அவ்வளவுதான் வைத்தியம். வலி நன்றாகவே குறைந்தது. எனக்கு அந்த முடிவைவிட, அதற்கு வீட்டைத் தாண்டிப் போகத் தேவையில்லாமல் இருந்தது பிடித்திருந்தது.

பட்டை வாங்கும்போது கவனிக்க வேண்டியது சில உண்டு. நிறத்தை வைத்துப் பலத்தைக் குறிப்பார்கள், ஆனால் ஒரு கம்பெனியின் பச்சையும் இன்னொரு கம்பெனியின் பச்சையும் ஒன்றாக இருக்காது. தெராபேண்ட் என்ற கம்பெனியில் மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு, வெள்ளி, தங்கம் என்று பலம் ஏறும். அவர்களுடைய மஞ்சளை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்தால் சுமார் 1.3 கிலோ அளவுக்கு எதிர்க்கும், கறுப்பு 3.3 கிலோ. ஒரே கம்பெனியில் அடுத்தடுத்த மூன்று நிறங்களாக வாங்கிவிடுங்கள். வெட்டிய துண்டாக இல்லாமல் இரண்டு முனையிலும் கைப்பிடி உள்ளது நல்லது. வெறும் பட்டையை உள்ளங்கையில் சுற்றிப் பிடித்தால் நாற்காலி தள்ளித் தள்ளி ஏற்கெனவே களைத்த மணிக்கட்டுக்கு அது வேறு வேலை.

பிறவியிலேயே முதுகெலும்புப் பிளவு உள்ளவர்கள் இதை வாசித்தால், லேடெக்ஸ் இல்லாத பட்டை என்று கேட்டு வாங்குங்கள். அவர்களிடம் லேடெக்ஸ் ஒவ்வாமை மற்றவர்களைவிட மிக அதிகம். சிறு அரிப்போடு நிற்காமல் மூச்சுத் திணறல்வரை போகலாம்.

பட்டையை எங்கே மாட்டுவது? கதவிடுக்கில் செருகும் நங்கூரம் ஒன்று தனியாகக் கிடைக்கும். நாடா ஒரு பக்கம், தடித்த குமிழ் ஒரு பக்கம். குமிழைக் கதவுக்கு அந்தப் பக்கம் விட்டு, நாடாவை உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டு, கதவைச் சாத்தித் தாழிட வேண்டும். உங்களை விட்டு விலகி, அந்தப் பக்கமாகத் திறக்கும் கதவாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அப்போது நீங்கள் இழுக்க இழுக்கக் கதவு சட்டத்தோடு இன்னும் இறுகும். உங்கள் பக்கமாகத் திறக்கும் கதவில் மாட்டினால், தாழ்ப்பாள் நழுவிய அன்றைக்குக் கதவும் வரும், பட்டையும் வரும், இரண்டும் முகத்தை நோக்கித்தான் வரும். நங்கூரத்தை நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது முழங்கை இருக்கிற உயரத்தில் வையுங்கள். நிற்பவர்களுக்காகப் போட்ட வீடியோவைப் பார்த்து மார்பு உயரம், தலை உயரம் என்று வைக்க வேண்டாம்.

கதவைப் பார்த்து நாற்காலியை நிறுத்துங்கள். கொஞ்சம் முன்னால் போய், பிறகு ஒரு சாண் பின்னால் வாருங்கள். சிறிய முன்சக்கரங்கள் அரைவட்டம் சுழன்று முன்பக்கம் நீட்டிக்கொள்ளும். நாற்காலியின் அடித்தளம் அந்த அளவுக்கு நீளமாகிவிட்டது, முன்னால் கவிழ்வது கடினம். இப்போது பிரேக் போடுங்கள். போட்டுவிட்டு சக்கரத்தைத் தள்ளிப் பாருங்கள். நகர்கிறதா? பிரேக் கட்டை டயரை அழுத்தித்தான் பிடிக்கிறது. டயரில் காற்று குறைந்தால் பிரேக்கும் ஏமாற்றிவிடும். எவ்வளவு காற்று வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும். பயிற்சிக் கருவி தேடுகிறவர்களுக்கு நான் முதலில் வாங்கச் சொல்வது பெரும்பாலும் ஒரு காற்றடிக்கும் பம்ப்தான்.

கைத்தாங்கிகளைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் முழங்கை பின்னால் போகும் வழியில் இடிக்கும். பிறகு இடது கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பட்டையை விலா ஓரமாக இழுங்கள். கையை இழுப்பதாக நினைக்காமல், தோள்பட்டை எலும்பை முதுகெலும்பை நோக்கி நகர்த்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். தோள் காதை நோக்கி ஏறக் கூடாது. ஒரு நொடி நிறுத்தி, அப்புறம் மெதுவாக விடுங்கள். டி10 மட்டம் என்பதால் மேல்வயிற்றுத் தசைகள் உங்களுக்கு ஓரளவு கைகொடுக்கும். ஆனாலும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது உடம்பு முன்னால் போகிறதென்றால், மார்பைச் சுற்றி நாற்காலி முதுகோடு ஒரு அகலப் பட்டி போட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு அசைவுக்கு மிக மெல்லிய பட்டை போதும். முழங்கையை விலாவோடு ஒட்டி, நடுவில் சுருட்டிய ஒரு துண்டை வைத்து, பக்கவாட்டில் மாட்டிய பட்டையை வெளிப்பக்கமாக இழுப்பது. கதவைத் திறப்பதுபோல முன்கை மட்டும் திறக்கும். துண்டு கீழே விழுந்தால் முழங்கை விலகிவிட்டது என்று அர்த்தம். உதவாக்கரைப் பயிற்சி மாதிரி தெரியும். தோள் மூட்டைக் குழியில் சரியாக உட்கார வைக்கும் தசைகளுக்கு இதைவிட நேரடியான வேலை எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, உங்கள் டம்பெல்லுக்கு வருவோம். கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், மடியில் வைத்துக்கொண்டு இளைப்பாறுவதாக. அதைப் படித்ததும்தான் இந்தப் பதிலை நீளமாக எழுத வேண்டும் என்று தோன்றியது. இன்றே நிறுத்துங்கள். ஐந்து கிலோ இரும்பின் விளிம்பு தொடையை அழுத்துவது உங்களுக்குத் தெரியாது. நடக்காத கால்களில் எலும்பின் அடர்த்தி குறைந்துபோகும், மடியிலிருந்து பாதத்தில் நழுவி விழும் ஒரு டம்பெல் அங்கே எலும்பை முறிக்கலாம். முறிந்தது உங்களுக்கு வலிக்கக்கூட வலிக்காது. என்னிடம் வந்த ஒருவர் தொடையில் நீலம் பாரித்திருந்ததை இரவு உடை மாற்றும்போதுதான் பார்த்தார். காலையில் என்ன செய்தோம் என்று யோசித்து யோசித்து டம்பெல்லுக்கு வந்து சேர்ந்தார்.

டம்பெல்லுக்கு ஒரு மேசை வேண்டும். கையை எட்டினால் படும் தூரத்தில், தொடையைவிடச் சற்று உயரத்தில், ஆடாத மேசை. தரையில் வைத்தால் குனிந்து எடுக்க வேண்டும், ஒரு பக்கம் சாய்ந்த உடம்பில் எடையும் சேர்ந்தால் நாற்காலியோடு சாய்வீர்கள். உருளாத அறுகோணத் தலை உள்ளவை நல்லது. 1, 2, 3 கிலோவில் ஒவ்வொரு ஜோடி இருந்தால் உங்கள் தோள் இப்போதிருக்கும் நிலைக்குத் தாராளம். 5 கிலோ ஜோடி, முழங்கையை மடக்கும் பயிற்சிக்கும் கையைத் தொங்கவிட்டு இழுக்கும் பயிற்சிக்கும் இருக்கட்டும். குமிழைத் திருப்பினால் எடை மாறும் டம்பெல்கள் இடத்தை மிச்சப்படுத்தும் என்பது உண்மைதான். ஆனால் அதன் தொட்டிலில் நேராக, மேலிருந்து கீழாக வைத்தால்தான் பூட்டு சரியாக விழும். உட்கார்ந்த நிலையில் பக்கவாட்டிலிருந்து அப்படி வைப்பது எளிதல்ல. பூட்டு சரியாக விழாத தகடு நடுவில் கழன்று விழுந்தால் எங்கே விழும் என்று சொல்லத் தேவையில்லை.

தலைக்கு மேல் தூக்குவதை வலி அடங்கும்வரை விட்டுவிடுங்கள். வலி அடங்கிய பிறகும், கட்டைவிரல் தரையைப் பார்க்கக் கையை உயர்த்துவது, தலைக்குப் பின்னால் கம்பியை இறக்குவது, இந்த இரண்டும் எப்போதுமே வேண்டாம். தசைநார் நசுங்க இதைவிட நல்ல வழி கிடையாது.

புஷ்-அப் கட்டைகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கசப்பு உண்டு. கட்டையில் கையூன்றி உடம்பைத் தூக்குவது, இடம் மாறும் அசைவுக்கு நேரடிப் பயிற்சி என்பது சரிதான். ஆனால் முழு உடல் எடையும் தோளில். வலிக்கும் தோளை அதில் கொண்டுபோய்ப் போடாதீர்கள். ஒரு மூன்று மாதம் பட்டையால் முதுகைப் பலப்படுத்திவிட்டு, அப்போது கட்டிலில் உட்கார்ந்து, தாழ்ந்த கட்டைகளில் தொடங்கலாம். கதவுச் சட்டத்தில் மாட்டும் தொங்கு கம்பி வேண்டவே வேண்டாம்.

கப்பி வழியாக வடத்தை இழுத்து எடைத் தகடுகளைத் தூக்கும் கேபிள் இயந்திரம், இடமிருந்தால், அருமையான கருவி. பட்டை இழுக்க இழுக்கக் கனக்கும், கேபிளில் கனம் தொடக்கம் முதல் முடிவுவரை கிட்டத்தட்ட ஒன்றுதான். தகடுகளில் செருகும் ஊசியை மாற்றினால் எடை மாறும், கப்பியை ஏற்றி இறக்கினால் இழுக்கும் திசை மாறும். ஆனால் வாங்கும் முன் அளக்க வேண்டியதை அளக்காமல் நானே ஏமாந்திருக்கிறேன். சிகிச்சை அறைக்கு வாங்கிய முதல் இயந்திரத்தில் இரண்டு தூண்களுக்கும் நடுவே எவ்வளவு அகலம் என்று அளந்தேன், வீல்சேர் தாராளமாகப் போகும். வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது, தூண்களை இணைத்து அடியில் ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது, முன்சக்கரம் அதில் முட்டி நின்றது. அதற்குச் சாய்தளம் செய்யக் கொடுத்த தச்சர், 'இதை யோசிக்கவே இல்லையா?' என்ற மாதிரி பார்த்தார். சுவரோடு பொருத்தும் வகைகளில் இந்தக் கம்பி இருக்காது. கைப்பிடி உட்கார்ந்தபடி எட்டுகிறதா, எடை ஊசி தரையோரம் ஒளிந்திருக்கிறதா, அதன் முன்னால் நாற்காலி முழுதாகத் திரும்ப ஒன்றரை மீட்டர் விட்டத்துக்கு இடம் இருக்கிறதா, கடையிலேயே உங்கள் நாற்காலியோடு போய்ப் பாருங்கள். ஆறு மாதம் பட்டையோடு பழகிய பிறகு வாங்கினால் போதும். அதற்குள் உங்களுக்கே தெரியும், வேண்டுமா வேண்டாமா என்று.

கையால் சுற்றும் சைக்கிள் மூச்சுக்கும் இதயத்துக்கும் நல்லது, தசை வலுவுக்கு அல்ல. வாங்குவதானால் சுழலும் அச்சு தோள் உயரத்துக்கு மேலே போகாத மேசையில் வையுங்கள். பின்னோக்கிச் சுற்றவும் முடிகிற வகையாகப் பாருங்கள்.

எவ்வளவு செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். முதுகெலும்புக் காயம் உள்ள பெரியவர்களுக்கான சர்வதேச வழிகாட்டுதல் வாரத்துக்கு இரண்டு நாள், இயங்கும் ஒவ்வொரு பெரிய தசைக் கூட்டத்துக்கும் மூன்று செட் என்கிறது. அதோடு இரண்டு நாள் 20 நிமிடமாவது மூச்சு வாங்க வைக்கும் பயிற்சி. ஒரு செட்டுக்குப் பத்துத் தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்க வேண்டும், ஆனால் முகம் கோணக் கூடாது. அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாளில் பன்னிரண்டு தடவை சுலபமாக வந்தால் அடுத்த நிறத்துக்குப் போங்கள். செட்டுக்கு நடுவே ஓய்வெடுக்கும்போது சும்மா உட்கார்ந்திருக்காமல் முன்னால் குனிந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் இருங்கள். உட்காரும் எலும்பின் மேலுள்ள அழுத்தம் அப்போது குறையும், தோலுக்கும் ரத்தம் போகும். முன்சக்கரம் முன்னால் நீட்டியிருக்கிறதல்லவா, பயமில்லை. பயிற்சி முடிந்ததும் கட்டிலில் மல்லாந்து படுத்து, கைகளை இரண்டு பக்கமும் விரித்து ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். நாள் முழுதும் சுருங்கிய மார்பு விரியும்.

கழுத்தில் அடிபட்டவர்களும் இந்தப் பக்கத்தை வாசிப்பார்கள் என்பதால் அவர்களுக்காகச் சில வரிகள். விரல்களில் பிடி இல்லையென்றால் கைப்பிடிக்குப் பதில் மணிக்கட்டில் மாட்டும் வெல்க்ரோ பட்டி, அதில் ஒரு வளையம், வளையத்தில் பட்டையோ கேபிளோ. எடைக்கு, மணிக்கட்டில் கட்டும் எடைப்பட்டை. வெல்க்ரோவின் நுனியில் கட்டைவிரலோ பல்லோ நுழையும் அளவு வளையம் இருந்தால்தான் நீங்களே கழற்ற முடியும், கடையில் அதைத்தான் முதலில் தேடுங்கள். டி6 மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் உள்ளவர்கள், தலை வெடிப்பதுபோல் வலித்து, முகம் சிவந்து, காயத்துக்கு மேலே வியர்த்தால் உடனே நிறுத்த வேண்டும். ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று அர்த்தம். படுக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து, இறுக்கமான பட்டியையெல்லாம் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடங்காவிட்டால் அவசர சிகிச்சை. பயிற்சிக்கு உட்காரும் முன்பே பையைக் காலி செய்துவிடுவது புத்திசாலித்தனம். காயத்துக்குக் கீழே வியர்வையும் அவர்களுக்குச் சரியாக வராது, மின்விசிறியும் முகத்தில் தெளிக்கத் தண்ணீரும் அருகில் இருக்கட்டும்.

உங்கள் வலது தோளைப் பற்றி ஒன்று மீதியிருக்கிறது. பயிற்சியின்போது வரும் தசைச் சோர்வு மறுநாள் தணிந்துவிடும். கையைப் பக்கவாட்டில் தூக்கவே முடியாமல் போனாலோ, ஆறு வாரத்துக்குப் பிறகும் இரவு வலி எழுப்பினாலோ பட்டையைச் சுருட்டி வைத்துவிட்டு மருத்துவரிடம் தோளைக் காட்டுங்கள். போகும்போது நாற்காலியில் உட்கார்ந்தபடி கையைச் சக்கரத்தின் உச்சியில் வைத்துப் பக்கத்திலிருந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு போங்கள். முழங்கை எவ்வளவு மடங்கியிருக்கிறது, சக்கரத்தின் அச்சு தோளுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று அதில் தெரியும். அச்சு ரொம்பப் பின்னால் இருந்தால் ஒவ்வொரு தள்ளலுக்கும் கையைப் பின்னால் கொண்டுபோக வேண்டியிருக்கும், அந்த வலிக்கு எந்தப் பட்டையும் மருந்தாகாது. மல்டி ஜிம்முக்கு அண்ணன் ஒதுக்கிய பணத்தில், நாற்காலியின் அச்சைச் சரிசெய்யும் செலவை முதலில் போடச் சொல்லுங்கள்.